கவிழ்த்துப் போட்ட சைக்கிளும் ஒரு துளிக் காற்றும்

"பிரேக் விஷயத்தில் மட்டும் வீட்டில் கை வைக்காதீர்கள், கடையில் கொடுத்துவிடுங்கள்." போன மாதம் என்னிடம் இதைச் சொல்லாதவர்கள் குறைவு. மாப்பிள்ளை போனில் சொன்னார், எதிர்வீட்டுக்காரர் சொன்னார், நடைப்பயிற்சி நண்பர்கள் மூன்று பேரும் ஒரே குரலில் சொன்னார்கள். அக்கறையில் சொன்னதுதான், மறுக்கவில்லை. ஆனால் அதில் எனக்குப் பாதிச் சம்மதம்கூடக் கிடையாது. ஏன் என்று சொல்வதற்கு நான் செய்த ஒரு தப்பை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும்.

பேரன் எங்களோடு இருந்து பதினோராம் வகுப்பு படிக்கிறான். போன வருஷம் அவன் அப்பா ஒரு மவுண்டன் பைக் வாங்கிக் கொடுத்தார். தடித்த டயர், முன்னால் ஷாக் அப்சார்பர், இரண்டு சக்கரத்திலும் டிஸ்க் பிரேக். அதுவும் கம்பி வைத்து இழுக்கும் பிரேக் இல்லை, எண்ணெயால் இயங்கும் ஹைட்ராலிக் பிரேக். ஒரு விரலால் தொட்டால் வண்டி நிற்கும். நம் காஞ்சிபுரத்தில் மேடு என்று சொல்ல என்ன இருக்கிறது? வேகவதிப் பாலத்து ஏற்றம்தான் பெரிய ஏற்றம். இந்த ஊருக்கு இதெல்லாம் எதற்கு என்று அப்போதே முணுமுணுத்தேன். என் முணுமுணுப்பை வீட்டில் யார் கேட்கிறார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை செயினுக்கு எண்ணெய் போடலாம் என்று, ஐம்பது வருஷப் பழக்கத்தில், சைக்கிளைக் கவிழ்த்து சீட்டிலும் ஹேண்டில்பாரிலும் நிறுத்தினேன். நம் காலத்து ஹெர்குலிஸ், ராலே, அட்லஸ் எதுவானாலும் இப்படித்தானே செய்வோம்? பங்சர் என்றாலும் கவிழ்ப்பு, செயின் கழன்றாலும் கவிழ்ப்பு. அன்றும் நிதானமாகத் துடைத்து, எண்ணெய் விட்டு, மதியச் சாப்பாடு முடிந்த பிறகுதான் நிமிர்த்தினேன். சாயங்காலம் பேரன், "தாத்தா, முன் பிரேக் பஞ்சு மாதிரி இருக்கு" என்றான். நாலைந்து தடவை அழுத்திப் பார்த்தோம், சரியாகிவிட்டது. இரண்டு பேரும் அதை அதோடு மறந்தோம்.

செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணிக்கு டியூஷனுக்குப் புறப்பட்டவன் பிள்ளையார்பாளையத்தில் ஒரு தெருவில் திரும்பியிருக்கிறான். அந்த நேரத்தில் அங்கே என்ன நடக்கும் என்று ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டாம். வெயில் ஏறுவதற்கு முன்னால் பாவைத் தெரு நீளத்துக்கு விரித்து, இழுத்துக் கட்டி, இழை இழையாகச் சரி பார்த்துக்கொண்டிருப்பார்கள். இவன் முன் பிரேக்கைப் பிடித்தான். லிவர் ஹேண்டில்பார் வரைக்கும் போய் ஒட்டிக்கொண்டது, வண்டி நிற்கவில்லை. பயத்தில் பக்கவாட்டில் ஒடித்து, ஒரு திண்ணை மேல் போய் விழுந்திருக்கிறான். முழங்கையில் சிராய்ப்பு. ஹேண்டில்பாரின் நுனி பாவின் ஓரத்தில் மாட்டிப் பதினேழு இழை அறுந்துவிட்டது.

செய்தி கேட்டு ஓடினேன். மூன்று சேலைக்கான பாவு அது. நெசவாளர் என்னிடம் படித்தவர் இல்லை, அவருடைய தம்பி படித்தவர். திட்டுவார் என்று நினைத்துக்கொண்டு போய் நின்றேன். அவர் குனிந்தபடி, விரல் நுனியில் சாம்பல் தொட்டு, அறுந்த இழைகளை ஒவ்வொன்றாக முறுக்கிச் சேர்த்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்காமலே, "இழை அறுந்தா சேத்துக்கலாம் வாத்தியாரே. பையன் தலை கல்லுல பட்டிருந்தா என்ன பண்ணுவீங்க? வண்டிய முதல்ல பாருங்க" என்றார். கூலியாக ஏதாவது கொடுக்கலாம் என்று பையில் கை வைத்தேன். வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அந்தப் பதினேழு இழையையும் சேர்த்து முடிக்கும் வரைக்கும் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன். அவருக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் போயிற்று.

இதற்குப் பிறகு செய்ததுதான் இன்னும் பெரிய தப்பு. எல்லோரும் சொன்ன மாதிரி கடையில் கொடுத்தேன். மோட்டார் சைக்கிள் வேலை பார்க்கும் ஒரு கடை. "ஏர் புடிச்சிருக்கு சார், எடுத்துட்டா சரியாயிடும்" என்றார்கள். அவர்கள் சொன்ன நோய் சரிதான். கொடுத்த மருந்துதான் தப்பு. பைக்குக்கு ஊற்றும் டாட் 4 பிரேக் ஆயிலை இதிலும் ஊற்றிவிட்டார்கள். முதல் நாள் பிரேக் பிரமாதமாகப் பிடித்தது. பத்து நாளில் லிவர் திரும்பி வர மறுத்தது, சக்கரம் தேய்த்துக்கொண்டே ஓடியது. உள்ளே இருந்த ரப்பர் சீல்கள் கெட்டுவிட்டன. முன் பிரேக்கின் லிவர், கேலிப்பர் இரண்டையும் புதிதாக வாங்க வேண்டியதாயிற்று.

அந்தக் கடைக்காரரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எந்த எண்ணெய் என்று லிவரின் மூடியிலேயே எழுதியிருந்தது. அவர் படிக்கவில்லை, நானும் படிக்கவில்லை. முப்பத்திரண்டு வருஷம் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்தியவன் நான். பாஸ்கல் விதியைப் பலகையில் எத்தனை தடவை எழுதியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. "மூடிய கலத்திலுள்ள திரவத்தின் மீது செலுத்தப்படும் அழுத்தம்..." என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். ஹைட்ராலிக் பிரேக் என்று எடுத்துக்காட்டும் எழுதிப் போடுவேன், இரண்டு மார்க். ஆனால் ஒரு ஹைட்ராலிக் பிரேக்கைத் திறந்து பார்த்ததே கிடையாது.

அதனால் இந்தத் தடவை நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு பேரனோடு உட்கார்ந்தேன். கணக்கு இதுதான். லிவருக்குள் இருக்கும் பிஸ்டன் 10 மில்லிமீட்டர் விட்டம் என்றும், சக்கரத்துப் பக்கம் கேலிப்பரில் இருக்கும் இரண்டு பிஸ்டன்களும் 22 மில்லிமீட்டர் என்றும் வைத்துக்கொள்வோம். பரப்பளவு ஏறக்குறைய ஐந்து மடங்கு. ஆகவே விசையும் ஒவ்வொரு பக்கத்திலும் ஐந்து மடங்கு. விரலால் தொட்டால் வண்டி நிற்கும் ரகசியம் இதுதான். இதற்கு ஒரு விலையும் உண்டு. பேட் டிஸ்கைத் தொடுவதற்கு இரண்டு பக்கமும் 0.2 மில்லிமீட்டர் நகர்ந்தால் போதும். அதற்கு லிவர் பிஸ்டன் ஏறக்குறைய 2 மில்லிமீட்டர்தான் தள்ள வேண்டும். ஆக, மொத்த விவகாரமும் அந்த 2 மில்லிமீட்டரில் நடக்கிறது. இப்போது இரண்டு சொட்டுத் தண்ணீர் அளவுக்குக் காற்று உள்ளே புகுந்ததாக வைத்துக்கொள்ளுங்கள். எண்ணெய் அமுங்காது, காற்று அமுங்கும். அந்த இரண்டு சொட்டுக் காற்றை அமுக்கவே பிஸ்டன் 1.3 மில்லிமீட்டர் போயாக வேண்டும். லிவரின் நுனியில், விரல் இருக்கும் இடத்தில், இது பல மடங்காகத் தெரியும். "இவ்வளவுதானா தாத்தா?" என்று கேட்டான். இவ்வளவுதான். முப்பத்திரண்டு வருஷத்தில் ஒரு தடவை இந்தக் கணக்கை வகுப்பில் போட்டிருக்கலாம்.

காற்று எங்கிருந்து வந்தது என்பதுதான் எனக்கு உறைத்த இடம். லிவருக்குப் பக்கத்திலேயே ஒரு சின்ன எண்ணெய்த் தொட்டி இருக்கிறது. பேட் தேயத் தேய அதிலிருந்து எண்ணெய் கீழே இறங்கி ஈடு கட்டும். அந்தத் தொட்டியில் கொஞ்சம் காற்று தங்கியிருந்தாலும், சைக்கிள் நிமிர்ந்து நிற்கும் வரைக்கும் அது மேலேயே கிடக்கும், தொந்தரவு கிடையாது. கவிழ்த்தால்? மேல் கீழாகிறது, காற்று பிஸ்டன் பக்கமும் குழாய்ப் பக்கமும் நகர்ந்துவிடுகிறது. தொட்டி நிரம்பியிருந்தால் கவிழ்த்தாலும் ஒன்றும் ஆகாது. இந்த வண்டியில் நிரம்பியிருக்கவில்லை. நான் அரை நாள் கவிழ்த்து வைத்தேன். அந்தத் திண்ணையையும் பதினேழு இழையையும் நினைத்தால் இன்றைக்கும் சங்கடமாகத்தான் இருக்கிறது.

எண்ணெய் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். வீட்டில் பேரப்பிள்ளைகளுக்கு இப்படிப்பட்ட வண்டி வைத்திருக்கிறவர்களுக்கு இதுதான் முக்கியம். இரண்டு சாதி எண்ணெய் இருக்கிறது. கார், பைக்கில் போடுவது டாட் வகை. டாட் 3, 4, 5.1 எல்லாம் கிளைக்கால் ஈதர் சேர்ந்தவை, காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். புதிய டாட் 4 குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது விதி. 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் அந்த வரம்பு 155 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. அதனால்தான் திறந்த டப்பாவை அலமாரியில் வைத்து அடுத்த வருஷம் ஊற்றக் கூடாது. பெயின்ட்டில் பட்டால் பெயின்ட்டைத் தின்னும். இன்னொன்று மினரல் ஆயில். ஷிமானோ, மகுரா, டெக்ட்ரோ பிரேக்குகளில் இதுதான். ஸ்ராம் கம்பெனியின் பழைய மாடல்கள் பலவற்றில் டாட், புதியவை சிலவற்றில் மினரல். மினரல் ஆயில் ஈரத்தை உறிஞ்சாது. ஆனால் தண்ணீர் உள்ளே போய்விட்டால் கலக்காமல் கீழே இறங்கி, சூடு அதிகமாகும் கேலிப்பரிலேயே தங்கும். ஒன்றுக்கான ரப்பர் மற்றொன்றைத் தாங்காது, ஊதிப் போகும். மூடியில் எழுதியிருப்பதைப் படித்தால் போதும். படிப்புக்கு இவ்வளவு செலவழிக்கிற ஊரில் மூடியைப் படிக்க ஆள் இல்லை, என்னையும் சேர்த்துத்தான்.

காற்று எடுக்கும் வேலை எனக்கு முற்றிலும் புதிதும் அல்ல என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது. 1967 அல்லது 68 இருக்கும். எங்கள் தெரு முனையில் ஒரு அம்பாசடர் டாக்சி நிற்கும். டிரைவர் காரடியில் படுத்துக்கொண்டு, தெருவில் போகும் பையன் எவனையாவது கூப்பிட்டு உள்ளே உட்கார வைப்பார். "மிதி... மிதி... மிதிச்சுப் புடி, விடாதே!" என்று கீழேயிருந்து சத்தம் வரும். நிப்பிளைத் திறப்பார், பெடல் தரை வரைக்கும் இறங்கும், மூடுவார், "விடு" என்பார். பல நாள் மிதித்த பையன் நான்தான். எதற்கு மிதிக்கிறோம் என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. கூலி ஒரு கமர்கட்.

சைக்கிளில் அவ்வளவு பாடு இல்லை. பேரனும் நானும் முற்றத்தில் செய்தோம், ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. சக்கரத்தைக் கழற்றித் தூரமாக வைத்தோம். பேட் இரண்டையும் எடுத்துக் காகிதத்தில் மடித்து உள்ளே கொண்டுபோய் வைத்தான். எண்ணெய் பட்ட பேட் தூக்கிப் போடத்தான் லாயக்கு. பேட் இருந்த இடத்தில், வண்டியோடு வந்த பிளாஸ்டிக் கட்டையைச் செருகினோம். அது இல்லாமல் லிவரை அழுத்தினால் பிஸ்டன் வெளியே வந்து விழும். லிவர் சமமாக இருக்கும்படி திருப்பி, மேலே இருக்கும் சின்னத் திருகைக் கழற்றி, அங்கே புனலைப் பொருத்தினோம். கீழே கேலிப்பர் நிப்பிளில் குழாய் மாட்டிய சிரிஞ்சு. சிரிஞ்சில் காற்றுக் குமிழி இல்லாமல் பார்த்துக்கொண்டு, நிப்பிளைக் கொஞ்சம் திறந்து, எண்ணெயைக் கீழிருந்து மேலே மெதுவாகத் தள்ளினோம். காற்றுக்கு மேலே போகத்தானே ஆசை, அதன் வழியிலேயே அதை அனுப்புகிறோம். புனலில் முதலில் கறுப்பாக எண்ணெய் வந்தது, அப்புறம் குமிழி, குமிழியாக வந்துகொண்டே இருந்தது. பேரன் ஸ்பானர் கைப்பிடியால் குழாயை மெல்லத் தட்டினான். ஒளிந்திருந்த இரண்டு குமிழிகள் அதற்கும் வந்தன.

பிறகு நிப்பிளை மூடி, லிவரை மெதுவாகப் பலமுறை அழுத்தி விட்டோம். வண்டியின் முகத்தைக் கொஞ்சம் தூக்கியும் தாழ்த்தியும் பார்த்தோம். நின்றுபோயிற்று என்று நினைத்த பிறகும் ஊசி முனை மாதிரி ஒன்று மேலே வந்தது. புனலை அடைத்து எடுத்து, தொட்டி வழிய வழியத் திருகை மூடினோம். அந்த வழிசல் முக்கியம், அதில் கஞ்சத்தனம் பண்ணினால் தொட்டியில் மறுபடி காற்று நிற்கும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, கேலிப்பரையும் டிஸ்கையும் ஐசோபிரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்த பிறகுதான் பேட்டை மாட்டினோம். லிவரைப் பிடித்தேன். கல் மாதிரி நின்றது.

உடனே தெருவுக்குப் போகவில்லை. முழு பலத்தோடு ஒரு நிமிஷம் அழுத்திப் பிடித்து எங்காவது கசிகிறதா என்று பார்த்தோம். வண்டியைத் தள்ளிக்கொண்டே பிரேக் பிடித்துப் பார்த்தோம். அப்புறம் ஆளில்லாத இடத்தில் இருபது தடவை ஓட்டி, வேகம் குறைத்து, பேட்டைப் படிய வைத்தான். இத்தனையும் செய்யப் பொறுமை இல்லாதவர்கள் கடைக்குப் போவதே மேல். அந்த அளவுக்கு அறிவுரை சொன்னவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது.

ஆனால் கடையில் கொடுத்தால் பத்திரம், வீட்டில் செய்தால் ஆபத்து என்ற கணக்கு எங்கிருந்து வந்தது? வேலை பத்திரமா என்பது எந்த இடத்தில் செய்கிறோம் என்பதில் இல்லை, என்ன செய்கிறோம் என்று தெரிந்து செய்கிறோமா என்பதில் இருக்கிறது. என் அப்பா குழித்தறியில் உட்கார்ந்தவர். ஒவ்வொரு நாளும் உட்காரும் முன் அச்சு, விழுது, கயிறு எல்லாவற்றையும் விரலால் தடவிப் பார்ப்பார். தறியில் ஒன்று கெட்டால் தச்சரைக் கூப்பிடும் வேலை எது, தானே பார்க்கும் வேலை எது என்று அவருக்குத் தெரியும். பெரும்பாலும் தானே பார்ப்பார். அந்த வீட்டில் பிறந்த நான், நாற்பதாயிரம் ரூபாய் வண்டியின் பிரேக்குக்குள் என்ன எண்ணெய் இருக்கிறது என்று கேட்கக்கூடத் தோன்றாதவனாக ஆகியிருக்கிறேன்.

விற்கிறவர்களிடமும் எனக்கு ஒரு கேள்வி இருக்கிறது. ஐம்பது பக்கப் புத்தகம் வண்டியோடு தருகிறார்கள், எட்டு மொழியில் இருக்கிறது, தமிழ் கிடையாது. பல பத்தாண்டுகளாக அம்பத்தூரில் சைக்கிள் செய்கிறார்கள், 1962-லிருந்து பாடியில் பிரேக் செய்கிறார்கள், இந்த நாட்டில் பிரேக் தெரிந்த ஊர் என்றால் நம் சென்னைதான். அப்படிப்பட்ட இடத்தில், "கவிழ்க்காதே, மினரல் ஆயில் மட்டும்" என்று தமிழில் இரண்டு வரி ஸ்டிக்கர் ஒட்டுவதற்கு என்ன கேடு? பள்ளிப் பிள்ளைகளுக்கு அரசு கொடுக்கும் சைக்கிளில் இந்தத் தொல்லை எதுவும் இல்லை. ரப்பர் கட்டை தேய்ந்தால் தெருமுனைக் கடையில் மாற்றலாம். இந்தச் சமவெளி ஊருக்கு அதுவே தாராளம் என்ற என் பழைய முணுமுணுப்பையும் வாபஸ் வாங்கவில்லை.

பேரனுக்கு அது போதாதாம். டிசம்பர் விடுமுறையில் நண்பர்களோடு ஏலகிரிக்குப் போக வேண்டுமாம். பதினான்கு கொண்டை ஊசி வளைவு, ஏறிய பிறகு இறங்கவும் வேண்டும். இறக்கத்தில் பிரேக்கைப் பிடித்தபடியே வந்தால் டிஸ்க் எவ்வளவு சூடாகும், விட்டு விட்டுப் பிடித்தால் எப்படி ஆறும் என்று அவனே எனக்கு விளக்கினான். மகள் ஒரே வார்த்தையில் கூடாது என்றுவிட்டாள். "அப்பா, நீங்களாவது சொல்லுங்க" என்று என்னைப் பார்த்தாள்.

நான் போகட்டும் என்றுதான் சொன்னேன். இரண்டு நிபந்தனை. பின் பிரேக்குக்கும் எண்ணெய் மாற்ற வேண்டும், அதை அவன் தனியாகச் செய்ய வேண்டும், நான் நாற்காலியில் உட்கார்ந்து பார்க்க மட்டும் செய்வேன். செய்து முடித்ததும் வண்டியைக் கவிழ்த்து ஒரு ராத்திரி வைக்க வேண்டும். காலையில் நிமிர்த்தி முதல் பிடியிலேயே லிவர் கல் மாதிரி நின்றால் ஏலகிரி. இல்லையென்றால் அடுத்த வருஷம். மகள் இன்னும் என்னோடு சரியாகப் பேசவில்லை. எண்ணெய்க்கு ஆர்டர் போட்டாயிற்று, வியாழக்கிழமை வருகிறதாம். இதற்கு நடுவில் பிள்ளையார்பாளையத்திலிருந்து அந்த நெசவாளர் தன் பையனின் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். டிஸ்க் பிரேக்தான், ஆனால் கம்பி இழுக்கும் வகை. எண்ணெயே கிடையாது. கம்பியை இறுக்கிக் கொடுத்தேன், இரண்டு நிமிஷ வேலை. எவ்வளவு என்று கேட்டார்.